உலோக ஆக்சைடு நானோகம்பி உணரிகள்: மீன் வாடையிலிருந்து எண்ணூர் அம்மோனியா வரை

பழவேற்காடு ஏரி தமிழ்நாடு, ஆந்திர மாநில எல்லையில் வங்கக் கடலை ஒட்டி அமைந்துள்ள உவர்நீர் ஏரியாகும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இறால், நண்டு, மடவை, கொடுவா, கிழங்கான் ஆகியவற்றை நம்பியே கரையிலுள்ள மீனவக் குப்பங்கள் வாழ்கின்றன. பிடித்த மீன் நல்லதா என்று அறிய இங்கே கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார்கள், சதையை விரலால் அழுத்துவார்கள், பிறகு முகர்ந்து பார்ப்பார்கள். மூக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கூடையின் விலை பாதியாகிவிடும்.

அந்த மூக்கு உணர்வது பெரும்பாலும் ட்ரைமெத்திலமீன் என்னும் வாயுவைத்தான். கடல்மீன்களின் தசையில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு இயல்பாகவே உண்டு. அதற்கு வாடை கிடையாது. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, வாடையுள்ள அமீன் மிஞ்சுகிறது. ஐஸ் போட்டால் இந்த மாற்றம் தாமதமாகுமே தவிர நிற்காது. இத்தகைய வாயு மூலக்கூறுகளை மூக்குக்குப் பதிலாகக் கருவியால் உணரும் முயற்சியிலிருந்து வளர்ந்ததே உலோக ஆக்சைடு உணரிகளின் வரலாறு.

தொடக்கம்

1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிராட்டைன், பார்டீன் ஆகியோர் ஜெர்மானியத்தின் மேற்பரப்பு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். டிரான்சிஸ்டரைக் கண்டறிந்தவர்களும் இவர்களே. சுற்றியுள்ள வாயு மாறும்போது குறைக்கடத்தியின் மேற்பரப்பு மின்பண்பும் மாறுகிறது என்பதை அவர்கள் கண்டனர். 1962இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செய்யாமாவும் அவருடைய குழுவினரும் சூடேற்றிய துத்தநாக ஆக்சைடு மென்படலத்தைக் கொண்டு வாயுக்களைக் கண்டறிந்து காட்டினர். அதே ஆண்டில் தகுச்சி என்பவர் ஜப்பானில் வெள்ளீய ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கோரினார். வீடுகளில் எரிவாயுக் கசிவால் விபத்துகள் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. இன்று நம் சமையலறைகளில் பொருத்தப்படும் எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவிகளில் பல அந்த வெள்ளீய ஆக்சைடு உணரியின் வழித்தோன்றல்களே.

மேற்பரப்பில் நிகழ்வது

பள்ளி வேதியியலில் மாணவர்கள் படிக்கும் பரப்புக் கவர்ச்சிதான் இதன் அடிப்படை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறு வெள்ளீய ஆக்சைடின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து எதிர் அயனியாகிறது. குறைந்த வெப்பநிலையில் இது பெரும்பாலும் மூலக்கூறு அயனியாகவே இருக்கும். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒற்றை அணு அயனிகள் மிகுதியாகும். எலக்ட்ரானை இழந்ததால் மேற்பரப்பை ஒட்டி மின்கடத்தும் திறன் குறைந்த ஓர் அடுக்கு உருவாகி, மின்தடை உயர்கிறது. இப்போது கார்பன் மோனாக்சைடோ ட்ரைமெத்திலமீனோ வந்தால், அது ஒட்டியிருக்கும் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து அதை அகற்றிவிடும். பறிக்கப்பட்ட எலக்ட்ரான் வீடு திரும்புகிறது, மின்தடை குறைகிறது. நைட்ரஜன் டைஆக்சைடு போன்ற ஆக்சிஜனேற்ற வாயுக்களுக்கு விளைவு நேர்மாறானது.

எலக்ட்ரான் குறைந்த இந்த அடுக்கின் தடிமன் சில நானோமீட்டர்களே. துகள் பெரியதாக இருந்தால் மேற்பரப்பில் என்ன நடந்தாலும் உட்பகுதிக்குத் தெரியாது. 1991இல் யமசோயெ குழுவினர், வெள்ளீய ஆக்சைடுத் துகளின் அளவு சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே போகும்போது உணர்திறன் வேகமாக உயர்வதைக் காட்டினர். நானோகம்பிகளின் மதிப்பு இங்குதான் விளங்குகிறது. கம்பி மிக மெல்லியதாக இருந்தால் மேற்பரப்பில் நிகழும் மாற்றம் அதன் முழுக் குறுக்குவெட்டையும் பாதிக்கும்.

2001இல் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பான், டாய், சோங் லின் வாங் ஆகியோர் துத்தநாகம், வெள்ளீயம் முதலியவற்றின் ஆக்சைடுகளை நானோ நாடாக்களாக வளர்த்தனர். அடுத்த ஆண்டே இத்தாலியின் பிரேஷியா நகர ஆய்வாளர் எலிசபெத்தா கொமினியும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த நாடாக்களைக் கொண்டு கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, எத்தனால் ஆகியவற்றை உணர்ந்தனர். மீன் விஷயத்தில் ஜப்பான் இதற்கு முன்பே இறங்கிவிட்டது. நாகசாகி பல்கலைக்கழகத்தின் எகாஷிரா குழுவினர் நானோகம்பிகள் வருவதற்கு முன்னரே, மீனின் புத்துணர்வை அறிய ட்ரைமெத்திலமீன் உணரிகளை உருவாக்கினர்.

தமிழ்நாட்டில்

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், சோடியத்தால் குளிர்விக்கப்படும் உலைகளின் ஆர்கான் வாயுவில் ஹைட்ரஜன் கலந்துள்ளதா என அறிய வெள்ளீய ஆக்சைடு உணரிகள் உருவாக்கப்பட்டன. நீராவி சோடியத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் வெளிப்படும் என்பதால் அது கசிவுக்கு முன்னறிவிப்பாகும். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பன் குழுவினர், தெளிப்பு முறையில் படிய வைத்த துத்தநாக ஆக்சைடு மென்படலத்தால் அறை வெப்பநிலையிலேயே அம்மோனியாவை உணர்ந்து 2013இல் வெளியிட்டனர். இது கம்பியன்று, படலமே. ஆயினும் மேற்பரப்பு வேதியியல் ஒன்றுதான். சூடேற்ற வேண்டியதில்லை என்பது சிறிய செய்தியன்று. மின்கலத்தில் நெடுநாள் இயங்கும் உணரிக்கு அதுவே முதல் தேவை.

அம்மோனியாவின் முக்கியத்துவம் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் புலப்பட்டது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களில் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து, இருட்டில் வீட்டை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கசிவுக்குப் பின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலை வாயில் அருகே அளந்தபோது, காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 49 மில்லிகிராம் இருந்தது. காற்றில் அளந்த அந்த 2,090 மைக்ரோகிராம் என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 3 பங்கு மட்டுமே. ஆய்வகக் கட்டுரைகளில் இதைவிடக் குறைந்த அளவுகளை உணர்ந்த நானோகம்பிகள் உண்டு.

ஆய்வகத்துக் காற்று வேறு, கடற்கரைக் காற்று வேறு. நீராவி மூலக்கூறுகள் ஆக்சைடின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகளாக ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனுக்குரிய இடங்களைப் பிடித்துக்கொள்வதால், ஈரப்பதம் மாறினாலே உணரியின் அளவீடும் மாறிவிடுகிறது. ஏரிச் சேற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடும் குறுக்கிடும். உப்புத்துளிகள் மின்முனைகளை அரிக்கும். ஒரே கம்பி அம்மோனியாவுக்கும் மீன் வாடைக்கும் ஒரே வகையாகத் தலையசைக்கும். மீன் வாடைக்குரிய அமீன், அம்மோனியாவின் வழிப்பொருள்தானே. ஆகவே பொன், பல்லேடியம், தாமிர ஆக்சைடு போன்றவற்றின் நுண்துகள்களைக் கம்பியின் மேல் பதித்தும், வெவ்வேறு கம்பிகளை ஒரே தட்டில் வரிசையாக வைத்து அவற்றின் மறுமொழிகளைச் சேர்த்துப் படித்தும் வாயுக்களைப் பிரித்தறிய முயல்கின்றனர். செயற்கை மூக்கு என்று இதற்குப் பெயர். பழவேற்காட்டில் கூடைக்கு முன் உட்கார்ந்திருக்கும் மீன்காரப் பெண்மணி அந்த வேலையை ஒரே முகர்தலில் முடித்துவிடுகிறார். நள்ளிரவில் அவர் தூங்கும்போது விழித்திருக்க வேண்டியதுதான் கருவியின் வேலை.