பெருமூளை இல்லாத நாய்

1881-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லண்டனில் ஏழாவது சர்வதேச மருத்துவ மாநாடு கூடியது. பாஸ்டர், கோக், விர்ஷோ, லிஸ்டர் என்று அந்நூற்றாண்டின் பெரும்பெயர்கள் பலவும், 3000-க்கு மேற்பட்ட மருத்துவர்களும் திரண்ட கூட்டம் அது. எனினும் நரம்பியலின் வரலாற்றில் அம்மாநாடு நினைவுகூரப்படுவது ஒரு நாயாலும் இரண்டு குரங்குகளாலும்தான்.

ஒரு பழைய வழக்கைத் தீர்ப்பதற்காக அவை அங்கே கொண்டுவரப்பட்டன. முள் குத்தினால் கால் பின்வாங்குகிறது. ஓசை கேட்டால் தலை திரும்புகிறது. பகை நெருங்கினால் உடல் முழுதும் ஒரே கணத்தில் ஓடவோ பாயவோ ஆயத்தமாகிறது. இத்தனை தசைகளையும் ஒரு நோக்கில் இணைப்பதில் மூளை முழுவதும் ஒருமித்து இயங்குகிறதா, அன்றி ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வேலை உண்டா என்பதே வழக்கு.

ஒருமித்த மூளை என்ற கட்சிக்கு மூலவர் பாரிஸில் வாழ்ந்த ஃப்ளூரான்ஸ். 1820-களில் புறாக்களின் பெருமூளையை அகற்றிப் பார்த்தவர். அத்தகைய புறா அசையாமல் அமர்ந்திருக்கும். காற்றில் எறிந்தால் பறக்கும். வாயில் இட்டால் விழுங்கும், தானாக உண்ணாது. எதிர்க்கட்சி வலுப்பெற்றது 1861-இல், பேச்சிழந்த நோயாளி ஒருவரின் இடமூளையில் சிதைவு இருந்ததை ப்ரோக்கா காட்டியபோது. 1870-இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் பெருமூளைப் புறணியில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தினர். ஓரிடத்தைத் தூண்டினால் எதிர்ப்பக்க முன்கால் அசைந்தது, வேறோர் இடத்தைத் தூண்டினால் பின்கால். அறிவியலைத் திசைதிருப்பிய இச்சோதனை ஹிட்சிக்கின் வீட்டிலேயே நடந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ஃபெரியர் இதைக் குரங்குகளில் விரித்துச் செய்து, 1876-இல் நூலாகவும் வெளியிட்டார்.

லண்டனில் மோதிக்கொண்டவர்கள் இந்த ஃபெரியரும், அன்று ஜெர்மனியின் வசமிருந்த ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து வந்த ஃப்ரீட்ரிக் கோல்ட்ஸும். கோல்ட்ஸ் காட்டிய நாயின் புறணியில் பெரும்பகுதி அகற்றப்பட்டிருந்தது. அது நடந்தது, ஓடியது; அறிவு மங்கியிருந்ததே தவிர எந்தக் காலும் செயலிழக்கவில்லை. கைகால்களுக்கெனத் தனி மையம் இருந்திருந்தால் இந்நாய் எப்படி நடக்கும் என்று அவர் கேட்டார். ஃபெரியரின் முதல் குரங்கு இடப்புறப் புறணியின் ஒரு பகுதியை இழந்து, வலக்கையும் வலக்காலும் முடங்க, நொண்டிக்கொண்டு வந்தது. பக்கவாத நோயாளிகளையே பார்த்துப் பழகிய ஷார்கோ அதைக் கண்டதும், இது ஒரு நோயாளி என்று வியந்தாராம். இரண்டாவது குரங்கு, அருகில் வெடித்த ஓசைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

விலங்குகளைக் கொன்று மூளைகளை ஒரு குழு ஆராய்ந்தது. ஃபெரியர் சொன்ன இடத்தில் சிதைவு சொன்னபடியே இருந்தது; கோல்ட்ஸின் நாயிலோ அவர் எண்ணியதைவிடக் கூடுதலான புறணி எஞ்சியிருந்தது. வெற்றி ஃபெரியருக்கு. பரிசாகக் கிடைத்தது நீதிமன்ற அழைப்பாணை. விலங்குச் சோதனையை எதிர்த்த சங்கத்தார், 1876-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அறுவை செய்தாரென்று நவம்பரில் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். கத்தி பிடித்தவர் உரிமம் பெற்றிருந்த அவரது சகா ஜெரால்டு இயோ என்று தெரியவந்ததும் வழக்கு தள்ளுபடியானது. விலங்கு நோவை உணர்ந்ததா என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றம் விடைசொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாடநூல்கள் கதையை இங்கே முடித்துவிடுகின்றன. தோற்றவரின் நாயே பின்வந்தோருக்கு மிகுதியாகக் கற்பித்தது என்பது நம் எண்ணம். கோல்ட்ஸ் ஊர் திரும்பி, குறையைக் களைய முற்பட்டார். பெருமூளையே இல்லாத நாயைப் பற்றி 1892-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் நம்மைத் திகைக்கவைப்பது. அந்நாய் அறுவைக்குப்பின் பதினெட்டு மாதங்களுக்கு மேல் உயிரோடிருந்தது. உறங்கியது, விழித்தது, நடந்தது. பசித்தால் அமைதியிழந்தது. மூக்கருகே வைத்த இறைச்சியை உண்டது. கொய்னா தோய்த்திருந்தால் துப்பியது. தன்னைப் பேணுபவரை அது ஒருநாளும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உணவூட்டுவதற்காகக் கூண்டிலிருந்து தூக்கும்போதெல்லாம் உறுமிக் குரைத்துக் கடிக்கப் பாய்ந்தது. இத்தனை மாதங்களிலும், தூக்குவது உணவுக்காகத்தான் என்பதை அது கற்கவேயில்லை.

ஆக, சினம் முழு ஒழுங்கோடு எஞ்சியிருந்தது. தாடையும் குரலும் கால்களும் இணைந்து இயங்கின. எதைச் சினப்பது, எப்போது அடங்குவது என்பதுதான் போய்விட்டிருந்தது.

லண்டன் நாயின் அரைமூளையை ஆராய்ந்த லாங்லியோடு கேம்பிரிட்ஜ் மாணவர் சார்ல்ஸ் ஷெரிங்டனும் சேர்ந்திருந்தார். அவ்விருவரின் 1884-ஆம் ஆண்டுக் கட்டுரையே ஷெரிங்டனின் முதல் அச்சேறிய ஆய்வு. பிறகு அவர் ஸ்ட்ராஸ்பர்க் சென்று கோல்ட்ஸிடமே சிலகாலம் பயின்றார். தண்டுவடம் மூளையிலிருந்து துண்டிக்கப்பட்ட நாயும் விலாவை வருடினால் காலைத் தூக்கிச் சொறிந்துகொள்வதை அவர் பொறுமையாக அளந்தார். அதே நேரத்தில் அந்தக் காலில் முள் குத்தினால்? சொறிதல் நின்று கால் மடங்கும். ஒரே தசையை நாடிவரும் இரு கட்டளைகளில் ஒன்று மற்றதை அடக்கியாக வேண்டும். தூண்டுவதைப் போலவே தடுப்பதும் நரம்பின் வேலை என்பதே அவரது 1906-ஆம் ஆண்டு நூலின் சாரம்.

கோல்ட்ஸ் நாயின் சினத்தை மீண்டும் கையிலெடுத்தவர் ஹார்வர்டின் வால்டர் கேனன். 1925-இல் அவரும் பிரிட்டனும் புறணியை அகற்றிய பூனைகள், எவரும் சீண்டாமலேயே மயிர் சிலிர்த்து, நகம் நீட்டிச் சீறின. இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பொய்ச்சினம்’. புறணி இல்லையேல் உணர்வும் இல்லை என்பது அப்பெயருக்குள் ஒளிந்திருக்கும் தீர்ப்பு. அது ஆய்வாளருக்கு வசதியான தீர்ப்பும்கூட. தமிழில் ‘சீறுதல்’ என்ற ஒரே சொல் பாம்பின் ஓசையையும் சினத்தையும் சேர்த்தே குறிக்கிறது. ஒன்றிருக்க மற்றது இல்லாமற்போகும் என்று நம் மொழி எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

கேனனின் மாணவர் பிலிப் பார்ட் 1928-இல் மூளையை மேலிருந்து படிப்படியாக வெட்டிக்கொண்டே வந்தார். ஹைப்போதலாமஸின் பின்பகுதி எஞ்சியிருக்கும்வரை சீற்றம் இருந்தது. அதற்கும் கீழே வெட்டினால் மறைந்தது. சூரிச்சில் வால்டர் ஹெஸ், மூளை சிதையாத, விழித்திருக்கும் பூனைகளின் ஹைப்போதலாமஸில் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தித் தூண்டினார். அவை வெறுமனே சீறவில்லை, எதிரில் இருந்தவரைக் குறிவைத்துத் தாக்கின. ‘பொய்’ என்ற அடைமொழி தளரத் தொடங்கியது இங்கேதான். 1949-இல் ஹெஸ்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2011-இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஆண்டர்சனின் குழுவினர் அதே ஹைப்போதலாமஸில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை ஒளியால் தூண்டினர். ஆண் எலி, பெண் எலியையும் தாக்கியது. காற்றடைத்த கையுறையையும் தாக்கியது. ஆனால் அது கலவியில் ஈடுபட்டிருந்தபோது அதே ஒளி பெரும்பாலும் பலிக்கவில்லை. கலவி முடிந்தபின் மீண்டும் பலித்தது.