அடுப்படி உத்தியோகம்

எம்.ஜி.ஆர் நாவலப்பிட்டியில பிறந்தவர் எண்டு சொல்லிப் பெருமைப்படாத ஆக்கள் எங்கட பக்கத்தில குறைவு. அவர் கொண்டுவந்த சத்துணவுத் திட்டமும் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். 1982 ஜூலை 1ஆம் திகதி, திருச்சி மாவட்டத்தில பாப்பாக்குறிச்சி எண்ட ஊரில அதைத் தொடக்கிவைத்தார். பிள்ளைகளோடு பந்தியில இருந்து அவர் சாப்பிடுகிற படங்கள் இப்பவும் முகநூலில சுத்துது. ஆனால் அந்தச் சோத்தைச் சமைச்ச பெண்ணின் படம் ஒண்டைக்கூட நான் இதுவரை காணேல்லை.

சத்துணவின் வரலாற்றைத் தலைவர்களின் வரலாறாகவே படிச்சுப் பழகிட்டம். 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி குடுக்கத் தொடங்கினார். 1956இல் காமராசர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முனைந்தார். அரசாங்கம் ஒரு பங்கும் ஊர்ச்சனம் ஒரு பங்கும் போட்டு நடந்த திட்டம் அது. பிறகு கேர் நிறுவனத்தின் பால்மாவும் எண்ணெயும் வந்தன. (அதே கேர் எங்கட பள்ளிக்கூடங்களுக்கும் உணவு உதவி செய்தது. பழைய ஆக்களைக் கேட்டால் அந்த பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லுவினம்.) அதுக்குப் பிறகு எம்.ஜி.ஆர். பரீட்சைக்கு எழுத இவ்வளவும் காணும்.

ஆனால் 1982இல் நடந்த பெரிய மாற்றம் சாப்பாட்டில மட்டும் இல்லை எண்டு நான் நினைக்கிறன். ஒரு புது உத்தியோகமே அப்பதான் பிறந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு சமையல் உதவியாளர். இந்த வேலைகளுக்கு விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை எண்டு முடிவெடுத்தார்கள். எம்.ஜி.ஆரின் தாய் சத்தியபாமாவும் புருஷன் செத்த பிறகு சின்னப் பிள்ளைகளோடு கடல் கடந்து கும்பகோணத்துக்குப் போய்ப் பசியோட குடும்பம் நடத்தினவர்தான். அந்த நினைவுதான் இந்த விதியாக வந்தது எண்டு அடிச்சுச் சொல்ல என்னட்ட ஆதாரம் இல்லை. வராமலும் இருந்திருக்காது.

அந்த வேலையில என்ன இருக்கு எண்டு கொஞ்சம் பாப்பம். காலையில வந்து விறகு மூட்டவேணும். இடாப்பைப் பாத்து அண்டைக்கு எத்தனை பிள்ளைகள் வந்திருக்கினம் எண்டு எண்ணி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் கணக்கில அரிசி அளக்கவேணும். இருப்புப் பதிவேட்டில எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். அரிசி புடைச்சு, கழுவி, வடிச்சு, சாம்பார் வைச்சு, ருசி பாத்து, மணியடிக்க முதல் எல்லாம் ஆயத்தமாக இருக்கவேணும். நூறு நூற்றைம்பது பேருக்குக் கொதிக்கிற பானையை இரண்டு பெண்கள் தூக்கி இறக்கவேணும். பிறகு பரிமாறி, கழுவி, கூட்டி, களஞ்சியத்தைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போகவேணும். அமைப்பாளருக்கு மேல வட்டார வளர்ச்சி அலுவலகம், அதுக்கும் மேல மாவட்ட ஆட்சியரின் சத்துணவு நேர்முக உதவியாளர். அரிசி கொஞ்சம் குறைஞ்சாலும் கேள்வி கீழ நோக்கித்தான் வரும்.

இண்டைக்குத் தமிழ்நாட்டில 43 ஆயிரத்துக்கு மேல் சத்துணவு மையங்கள் இருக்கு. ஒரு கிராமத்தில, ஊர் ஒதுக்கி வைச்ச ஒரு விதவையின் கையில அரசாங்கக் களஞ்சியத்தின் திறப்பும் ஒரு பதிவேடும் வந்தது எண்டால் அது சின்ன விஷயம் இல்லை. ஊர்க்காரர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் ‘ஆயா’ எண்டு கூப்பிட்டிருக்கலாம். ஆனாலும் மாதம் முடிய அவரின் பேரில காசு வந்தது. பெண்களின்ர வேலைவாய்ப்பைப் பற்றிக் கதைக்கேக்க ஆடைத் தொழிற்சாலையைச் சொல்லுறம், வெளிநாட்டுப் பணிப்பெண்களைச் சொல்லுறம். இதை ஏன் மறந்துபோறம்?

கொடுமை என்னெண்டால், அந்தக் காசுக்குப் பேர் சம்பளம் இல்லை. தொகுப்பூதியம், மதிப்பூதியம் எண்டு வேற வேற பேர். வேலை மத்தியானத்தோட முடியுதாம், ஆகையால் அது பகுதிநேரமாம். பகுதிநேரம் எண்டால் நிரந்தர நியமனம் இல்லை, ஒழுங்கான பென்சனும் இல்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’ எண்டு ஒண்டு வந்தது. முழுமையான காலமுறை ஊதியம் வேணும் எண்டு சங்கங்கள் இப்பவும் மறியல் செய்யுது. ஓய்வுபெற்ற பிறகு கிடைக்கிற சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2000 இந்திய ரூபா எண்ட அளவிலதான் கனகாலம் நிண்டது. இதே காலத்தில தட்டு எவ்வளவோ முன்னேறினது. 1989இல் இரண்டு கிழமைக்கு ஒரு முட்டை, 2010இல் பள்ளி நடக்கிற ஐந்து நாளும் முட்டை, பிறகு கலவைச் சாதம், மசாலா முட்டை. ஆட்சி மாற மாற ஆளாளுக்கு ஒரு கறி கூட்டிச்சினம். கூடின ஒவ்வொரு கறிக்கும் சமையலறையில வேலையும் கூடினது.

இந்தியா முழுக்கப் பாத்தால் நிலைமை இன்னும் மோசம். 2001 நவம்பரில, அரச ஆரம்பப் பள்ளிகள் எல்லாத்திலும் சமைச்ச மதிய உணவு குடுக்கவேணும் எண்டு உச்ச நீதிமன்றம் கட்டளை போட்டது. அதோட நாடெங்கும் 20 இலட்சத்துக்கு மேல் சமையல் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். 2009 டிசம்பரில மத்திய அரசு இவர்களுக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1000 ரூபா. அதுவும் வருடத்துக்குப் பத்து மாதந்தான், லீவு மாதங்களுக்குக் காசில்லை. உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில 2005 தொடக்கம் சமைச்சுவந்த ஒரு பெண்ணை, அவரின் பிள்ளை அந்தப் பள்ளியில படிக்கேல்லை எண்ட விதியைக் காட்டி 2019இல் நிறுத்திட்டினம். அவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 டிசம்பரில நீதிமன்றம், இந்தச் சம்பளத்துக்கு வேலை வாங்குறது அரசியலமைப்பு தடைசெய்த கட்டாய உழைப்பு எண்டு சொன்னது. தன்ர வேலையைத் திருப்பிக் கேட்டுப் போன ஒரு சமையல் பெண்ணால வந்த தீர்ப்பு அது.

சாதியையும் விட்டுட்டுப் போக ஏலாது. 2004 ஏப்ரலில அதே உச்ச நீதிமன்றம், சமையலர் நியமனத்தில தலித், பழங்குடிப் பெண்களுக்கு முன்னுரிமை குடுக்கச் சொன்னது. ஒரு தலித் பெண்ணின் கையால எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட வைக்கிற யோசனை. நூறு மேடைப் பேச்சு செய்யாத வேலையை ஒரு அகப்பை செய்யும். அதுதான் சில பேருக்குப் பொறுக்கேல்லை. 2018 ஜூலையில, திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில ஒரு அரச பள்ளியில தலித் பெண் சமைக்கக்கூடாது எண்டு ஆதிக்க சாதிப் பெற்றோர் மறிச்சினம். அதிகாரிகள் மறிச்ச ஆக்களை விட்டுட்டு அந்தப் பெண்ணுக்கு இடமாற்றம் குடுத்தார்கள். போராட்டம் எழும்பின பிறகுதான் அது ரத்தானது. நிரந்தரப் பாதுகாப்பு இல்லாத ஒரு வேலையில இருக்கிறவரை நகர்த்துறது எவ்வளவு சுகம் எண்டதை இதில பாக்கலாம்.

கும்பகோணத்தை நினைக்காமல் இதை எழுத முடியாது. எம்.ஜி.ஆர் பசியோட வளர்ந்த அதே ஊர். 2004 ஜூலை 16ஆம் திகதி, ஒரு தனியார் பள்ளியின் மதிய உணவுச் சமையலறையில பிடிச்ச தீ ஓலைக் கூரைக்குத் தாவி, மாடி வகுப்பில இருந்த பிள்ளைகளில 94 பேரைக் கொண்டுபோனது. 2014இல் தீர்ப்பு வந்தபோது பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. சில கல்வி அதிகாரிகளோட சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலருக்கும் ஐந்து வருடச் சிறை. கவனயீனத்துக்குப் பொறுப்பில்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் சமையலறை எங்க இருக்கவேணும், கூரை எதால வேயவேணும் எண்டு அந்தச் சமையலரிட்ட ஆர் கேட்டது? சம்பளம் குடுக்கேக்க பகுதிநேர ஊழியர், பொறுப்புச் சொல்லேக்க முழுநேர ஊழியர்.

இதை வேற விதமாகவும் செய்யலாம். ஜப்பானில 1954இலேயே பள்ளி மதிய உணவுக்குச் சட்டம் வந்தது. 2005 தொடக்கம் ‘போசாக்கு ஆசிரியர்’ எண்டு தனி ஆசிரியர் பதவியே இருக்கு. சான்றிதழ் எடுத்து, சாப்பாட்டையும் திட்டமிட்டு, அதைப் பாடமாகவும் படிப்பிக்கிற உத்தியோகம். அங்க மதிய உணவு பாடசாலை நேரத்தின் ஒரு பாடம் மாதிரி.

தமிழ்நாட்டில 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி மதுரையில காலை உணவுத் திட்டம் தொடங்கினது. நல்ல திட்டம், அதில எனக்குச் சந்தேகம் இல்லை. கிராமங்களில அதைச் சமைக்கிறது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். 1982இல் குடுத்த அளவு பதவிப் பேர்கூட இல்லாமல், திரும்பவும் ஒரு மதிப்பூதியத்தில.

எங்கட பள்ளிக்கூடங்களில ‘வழங்குநர்’ எண்டு சொல்லுறம். பெரும்பாலும் அதே பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார், அல்லது பக்கத்து வீட்டுப் பெண்கள். விடிய எழும்பிச் சமைச்சு, வாளியில கொண்டுவந்து குடுத்துட்டு, காசு எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு இருப்பினம். 2022இல் முட்டையும் எண்ணெயும் காஸும் விலை ஏறேக்க, கடைக்குக் கடன் வைச்சுச் சமைச்சவையும் இருக்கினம், கட்டாது எண்டு விட்டவையும் இருக்கினம். பிள்ளைக்கு ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு எண்டு அரசாங்கம் ஒரு விலை சொல்லும். மரக்கறி, முட்டை, விறகு எல்லாம் அதுக்குள்ள. சமைக்கிறவவின்ர கூலியும் அதுக்குள்ளதான், மிஞ்சினால்.