மஞ்சள் ஜெர்சியும் பழைய விதைநெல்லும்: சென்னை அணியின் பத்து ஆண்டுகள் (2015–2025)

ஒரு விளையாட்டு அணி எப்படிச் சரிகிறது, எப்படித் திரும்ப எழுகிறது என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்தது அமெரிக்க பேஸ்பாலில். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ற அணி 2011, 2012, 2013 ஆகிய மூன்று சீசன்களில் வரிசையாக 106, 107, 111 ஆட்டங்கள் தோற்றது. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஊரில் அப்போது இருந்த வழக்கம் என்னன்னா, கடைசி இடத்தில் முடித்த அணிக்குத்தான் அடுத்த முறை இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு. தோற்பதிலும் ஒரு லாபம் இருந்தது. அப்படி வந்த கார்லோஸ் கொரியா, அலெக்ஸ் பிரெக்மன் போன்றவர்களை வைத்து 2017இல் உலகத் தொடரை வென்றார்கள். (எதிரணி கேட்சரின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடினார்கள் என்று 2020 ஜனவரியில் தண்டனையும் வாங்கினார்கள். அது தனிக்கதை.)

ஐபிஎல்லில் இந்த வழி கிடையாது. இங்கே ஏலம். முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் செலவழிக்கக் கிடைக்கும் தொகையின் உச்சவரம்பு ஒன்றுதான். அப்படியென்றால் விழுந்த அணி எதை வைத்து எழுந்தது? இந்தக் கேள்விக்குச் சென்னை சூப்பர் கிங்ஸைவிட நல்ல பாடம் கிடைக்காது.

விழுந்ததும் ஆட்டத்தால் இல்லை. 2015 மே மாதம்கூட இறுதிப்போட்டி ஆடிய அணி அது. 2013 சூதாட்ட விவகாரத்தில் அணி அதிகாரி ஒருவர் பந்தயம் கட்டியது நிரூபணமாகி, 2015 ஜூலை 14 அன்று நீதிபதி லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு ஆண்டு தடை விதித்தது. தோனி புனேவுக்குப் போனார், ரெய்னா குஜராத் லயன்ஸுக்கு. புனேயில் அடுத்த வருடமே தோனியிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்து ஸ்டீவ் ஸ்மித்திடம் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வெற்று வருடங்களில் தமிழ்நாட்டில் வேறொன்று முளைத்தது. 2016இல் டிஎன்பிஎல் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்கு ஆடிய நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. இதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

2018 ஜனவரி ஏலம்தான் கதையின் மையம். தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் தக்கவைத்துவிட்டு பிராவோ, டு பிளெசி என்று பழைய ஆட்களையே திரும்ப எடுத்தார்கள். புதிதாக வந்தவர்களும் இளைஞர்கள் இல்லை. வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39ஐத் தொடும் வயது. 'அப்பாக்கள் படை' என்று ஊரே சிரித்தது. எங்கள் மென்பொருள் துறையில் ஒரு பேச்சு உண்டு: ஓடிக்கிட்டிருக்கிற பழைய கோடை நோண்டாதே. சென்னை செய்தது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் விலையைப் பாருங்கள். ராயுடு 2.2 கோடி, டு பிளெசி 1.6 கோடி, தாஹிர் ஒரு கோடி, தீபக் சாஹர் 80 லட்சம். வயதைப் பார்த்து மற்றவர்கள் கையை இறக்கிய இடத்தில் இவர்கள் கையைத் தூக்கியிருக்கிறார்கள். அந்த சீசனில் ராயுடு அடித்தது 602 ரன்.

நான் பூம்புகார்க்காரன். காவிரி கடலில் சேரும் இடம். சேரும் என்றால், தண்ணீர் வந்தால். 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்கவில்லை. எங்களைப் போன்ற கடைமடைக்குக் குறுவை என்பது காலண்டரில் மட்டும் இருந்த காலம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. ஆறு வாரத்தில் செயல்திட்டம் வேண்டும் என்றது. கெடு முடிந்தும் மத்திய அரசிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்தச் சூட்டில்தான் ஏப்ரல் 10 அன்று, மூன்று வருடம் கழித்துச் சேப்பாக்கத்தில் மஞ்சள் ஜெர்சி இறங்கியது. வெளியே அண்ணா சாலையில் மறியல். உள்ளே மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. சென்னை 203 ரன்னை விரட்டி ஜெயித்த ஆட்டம், ஆனால் மறுநாள் யார் பேசியது ஆட்டத்தைப் பற்றி? மிச்சமிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போய்விட்டன.

ஊரில் அப்போது ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. "தண்ணிக்கு வழியக் காணோம், ஆட்டம் ஒரு கேடா?" என்று பெரியவர்கள். "ஆட்டத்த நிறுத்துனா தண்ணி வந்துடுமா?" என்று பையன்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கிரிக்கெட் வீரர்களுக்கும் காவிரிக்கும் சம்பந்தமில்லை, உண்மை. ஆனால் கடைமடையின் குரல் டெல்லி வரை கேட்க, நாடே பார்க்கும் ஒரு மேடை தேவைப்பட்டது, அதுவும் உண்மை. கூடவே, சென்னையிலிருந்து புனேவுக்கு 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயிலில் ரசிகர்கள் கிளம்பிப் போனதையும் எழுதி வைக்க வேண்டும்.

அந்த வருடம் மே 27 அன்று வான்கடேயில் ஹைதராபாத்துடன் இறுதிப்போட்டி. வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடியும்போது 57 பந்தில் 117, ஆட்டமிழக்காமல். ஐந்தாம் நாள், ஜூன் 1இல், காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது. மேட்டூர் திறந்தது ஜூலை 19.

ராஜஸ்தானும் அதே தண்டனையை அனுபவித்துத் திரும்பிய அணி. திரும்பிய பிறகு 2025 வரை கோப்பை இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம், சென்னையில் கூட்டம் கலையவில்லை. அதே கேப்டன், 2009 முதல் அதே பயிற்சியாளர் ஃபிளெமிங். திரும்ப வந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எங்கள் பக்கம் விவசாயிக்கு இன்னொன்றும் தெரியும். சொந்த விதைநெல்லையே எத்தனை போகம் விதைப்பது? கலப்பு விழும், மகசூல் இறங்கும், விதையை மாற்றித்தான் ஆகணும். சென்னை அதைத் தள்ளிப்போட்டது. 2019 இறுதியில் ஒரு ரன் தோல்வி. 2020இல் ஏழாம் இடம், முதல் தடவையாகப் பிளே ஆஃப் இல்லை. அந்த சீசனின் கடைசியில் ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு மூன்று ஆட்டங்களில் மூன்று அரைசதம். 2021இல் அவரே 635 ரன்னுடன் முதலிடம், அணிக்குக் கோப்பை. 2022இல் ஜடேஜாவைக் கேப்டனாக்கி, எட்டு ஆட்டத்தில் திரும்ப தோனியிடமே வந்து, ஒன்பதாம் இடம். 2023இல் மறுபடியும் கோப்பை. ஏலத்தில் 50 லட்சத்துக்கு எடுத்த ரஹானே அந்த வருடம் ஆடிய ஆட்டம், பழைய விதை முளைத்த கடைசிப் போகம் என்பேன்.

அந்த 2023 இறுதிப்போட்டியை எல்லோரும் ஜடேஜாவின் கடைசி இரண்டு பந்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆறு, நாலு. சரிதான். எனக்கு உறுத்துவது முதல் இன்னிங்ஸ். குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்தவர் சாய் சுதர்சன். சென்னைப் பையன், டிஎன்பிஎல்லில் கோவைக்கு ஆடி வந்தவர். குஜராத் அவரை எடுத்த விலை 20 லட்சம். ஓரமாக வைக்கச் சொன்ன விஷயம் இதுதான். நடராஜன், வருண் சக்கரவர்த்தி, சுதர்சன் என்று நம்ம வயலில் விளைந்ததை எல்லாம் வெளியூர்க்காரர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். 2018 இறுதியிலும் சரி, 2023 இறுதியிலும் சரி, சென்னைப் பக்கம் களமிறங்கியவர்களில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் விசில்தான் அடித்தேன்.

2025இல் கணக்கு தீர்ந்தது. 38 வயது அஷ்வினை 9.75 கோடி கொடுத்துத் திரும்ப அழைத்தார்கள். மற்ற அணிகளில் ஆடிக் களைத்த நடு வயது வீரர்களை நிரப்பினார்கள். கெய்க்வாட்டுக்கு முழங்கையில் அடிபட்டதும் மறுபடியும் தோனி கேப்டன். ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்திலேயே கொல்கத்தாவிடம் 9 விக்கெட்டுக்கு 103. பதினான்கில் நான்கு வெற்றி. வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம். அதே வருடம் லீக்கில் அதிக ரன் எடுத்தவர் யார் தெரியுமா? 759 ரன்களுடன், சாய் சுதர்சன்.

வேறு வழியில்லாமல்தான் மாற்றம் வந்தது. காயமடைந்தவர்களுக்குப் பதிலாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 94 அடித்தார். பிரெவிஸ், உர்வில் படேல் என்று முதல் பந்திலிருந்தே அடிக்கிற பையன்கள் வந்தார்கள். நவம்பரில் ஜடேஜாவை, ஆமாம் ஜடேஜாவையே, ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் 16 ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடாத இரண்டு பேருக்குத் தலா 14.20 கோடி: 20 வயது பிரசாந்த் வீர், 19 வயது கார்த்திக் சர்மா. ஒருவர் உத்தரப் பிரதேசம், இன்னொருவர் ராஜஸ்தான். 2008இல் தோனி முதன்முதலாக மஞ்சள் ஜெர்சி போட்டபோது இரண்டு பேரும் பால்மணம் மாறாத குழந்தைகள்.