எதிரியின் அடையாளம் – 7: முயல் ரத்தம் சொன்ன ரகசியம்

கருவில் வளரும் சிசுவின் குடலில் இருக்கவேண்டிய ஒரு பொருள், வயதான மனிதரின் புற்றுநோய்க் கட்டிக்குள் எப்படி வந்தது? மான்ட்ரியல் நகர ஆய்வுக்கூடத்தில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் திகைத்து நின்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

அவர்கள் செய்த சோதனையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரே நோயாளியின் பெருங்குடலிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தார்கள். ஒன்று கட்டி. மற்றது, கட்டிக்குத் தள்ளி இருந்த நோய் தொடாத சதை. கட்டியின் சாற்றை முயலுக்கு ஊசியில் ஏற்றினார்கள். வேற்றுப் பொருள் நுழைந்தால் முயலின் உடம்பு சும்மா இருக்குமா? அதைப் பிடிக்க ஆன்டிபாடிகளைச் சுரந்தது. பிறகு முயல் ரத்தத்தின் தெளிநீரை எடுத்து, நல்ல சதையின் சாற்றோடு கலந்தார்கள். இரண்டு சதைக்கும் பொதுவானவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு விலகிவிட்டன. மிஞ்சியவை கட்டியின் சாற்றை மட்டும் தேடிப் பிடித்தன.

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கல்லை அரைத்து, சயனைடில் கரைத்து, மண்ணைக் கழித்து, மிச்சத்தில் தங்கத்தைத் தேடிய ஆண்டர்சன்பேட்டைக்காரர்களுக்கு இந்த வித்தையை விளக்கவே வேண்டியதில்லை.

மிஞ்சிய அந்த ஆன்டிபாடிகள் காட்டிக்கொடுத்த பொருளுக்கு 1965-ல் கார்சினோஎம்பிரியானிக் ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக சி.இ.ஏ. கருவில் ஏராளமாகச் சுரந்து, பிறந்தபின் அடங்கிவிடும் பொருள் அது. செல் புற்றாக மாறும்போது, அடங்கியிருந்த மரபணு மறுபடி விழித்துக்கொள்கிறது. ஈரல் புற்றுநோய் கண்ட எலிகளின் ரத்தத்தில் இதேபோன்ற ஒரு கருப் புரதத்தை 1963-ல் மாஸ்கோவில் ஆபெலெவ் என்ற ஆய்வாளர் கண்டிருந்தார். இரண்டு நாடுகளில் ஒரே மாதிரிச் செய்தி: புற்றுநோய்க்கு ஓர் அடையாளம் உண்டு.

1969-ல் சி.இ.ஏ.வை ரத்தத்திலேயே அளக்கும் முறை வந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் குடல் புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்று மருத்துவ உலகம் நம்பியது.

அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. புகை பிடிப்பவர்களுக்கும் சி.இ.ஏ. ஏறியிருந்தது. குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் ஏறியிருந்தது. ஆரம்ப நிலைக் கட்டி இருந்த பலருக்கோ ஏறவே இல்லை. அதனால்தான் நலமாக இருப்பவருக்கு நோய் தேட இன்றும் இந்தச் சோதனை உதவாது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் குறைந்த அளவு மீண்டும் ஏறினால், நோய் திரும்புகிறதோ என்று எச்சரிக்கும். அதுதான் அதன் நிலைத்த பயன்.

சரி, இந்தக் கதைக்கும் நம் தங்கவயலுக்கும் என்ன தொடர்பு?

இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது இங்கேதான், 1934-ல். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களைச் சோதித்த மருத்துவர்கள், நூற்றில் 40 பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி படிந்து தழும்பேறியிருந்ததைக் கண்டார்கள். அந்தச் சிலிகா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-ல்தான் உறுதியாக அறிவித்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தூசி வேலையோடு போகவில்லை, உழைத்தவர்களின் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்னொரு பக்கம், வெற்றிலை பாக்கோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் வாய்ப் புற்றுநோயை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

வாய்ப் புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பிலும் ஓர் அடையாளம் இருக்கிறது. அதன் பெயர் ஈ.ஜி.எஃப்.ஆர். 'வளர்' என்ற கட்டளையை வெளியிலிருந்து வாங்கிச் செல்லுக்குள் அனுப்பும் புரதம் அது. நல்ல தோலிலும் கொஞ்சம் உண்டு. புற்றுச் செல்லில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதைப் போய் அடைத்துவிட்டால் கட்டளை நின்றுபோகும். அடைப்பதற்கு ஒரே மாதிரியான ஆன்டிபாடி கோடிக்கணக்கில் வேண்டும். அதற்கு எங்கே போவது?

வழி 1975-ல் பிறந்தது. கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இரு விஞ்ஞானிகள், ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல்லைச் சாவில்லாத புற்றுச் செல் ஒன்றோடு இணைத்தார்கள். பிறந்த கலப்புச் செல் ஓயாமல் பெருகி, ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருந்தது. புற்றுநோயின் சாகாத குணமே புற்றுநோய்க்கு எதிரான ஆயுதமாக மாறியது. இருவரும் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1984-ல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

எலியின் ஆன்டிபாடியை மனித உடம்பு அந்நியமாகப் பார்த்து விரட்டியது. ஆகவே அதை மனித ஆன்டிபாடி போலத் திருத்தி அமைத்தார்கள். அப்படித் திருத்தப்பட்ட ஒன்று, அமெரிக்காவின் பொருளாதாரத் தடையில் திணறிக்கொண்டிருந்த கியூபாவின் ஹவானா ஆய்வு மையத்தில் உருவானது. பெயர் நிமோடுசுமாப். இதன் பிடி அளவானது. இரண்டு கைகளாலும் பற்றினால்தான் உறுதியாக நிற்கும். ஈ.ஜி.எஃப்.ஆர். நெருக்கமாக உள்ள கட்டியில் அப்படிப் பற்ற முடிகிறது. தோலில் அது அரிதாக இருப்பதால் பிடி நழுவிவிடுகிறது. இதே வகை மருந்துகள் தோலில் கிளப்பும் கடுமையான கொப்புளம் இதில் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

அந்த மருந்தைக் கியூபாவோடு கைகோத்துப் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2006-ல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கான மருந்து. மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற நம் ஊரில், கூடை நிறைய ரிப்போர்ட்டுகளோடு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் அதே ரயிலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். 100 கிலோமீட்டர் தூரத்தில் புது மருந்து. ஆனால் அனுமதிக்கு ஆதாரமாக இருந்தவை சிறிய சோதனைகள். மருந்து உண்மையிலேயே நோயைத் தள்ளிப்போடுமா?

2012-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 536 நோயாளிகள். எல்லோருக்கும் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் மருந்தும். அவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் வாரம் 200 மில்லிகிராம் நிமோடுசுமாப் கூடுதலாக. இரண்டு ஆண்டு கழித்து எந்தப் பாதி நன்றாக இருந்தது?

பதில் அடுத்த வாரம். அதுவரை ஒரு வேண்டுகோள். வாய்ப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்க நம்பத் தகுந்த ரத்தச் சோதனை இன்றுவரை இல்லை. ஒரு டார்ச் விளக்கும் பழகிய மருத்துவரின் கண்ணும் போதும். கன்னத்திலோ நாக்கிலோ வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். வீட்டில் வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் பெரியவரின் வாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)