எழுபது வயதில் கட்சி மாறிய கிரீன் டீ ரசிகர்

இந்த வாரம் டீ. நம்ம ஊர் பால் டீ இல்லை, பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்கிற கிரீன் டீயும் ஊலாங்கும். "கிரீன் டீயா, அது டயட்ல இருக்கிறவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறதாச்சே"ன்னு நீங்க நினைக்கிறது எனக்குக் கேட்குது. அந்த மூக்கைப் பற்றித்தான் இன்றைய பேச்சே. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

1786-ஆம் வருடம், இலையுதிர் காலம். தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிற வூயி மலைக்கு ஒரு கவிஞர் வருகிறார். பெயர் யுவான் மெய். 1716-இல் ஹாங்சோவில் பிறந்தவர், அப்போது வயது எழுபது. அரசு அதிகாரியாக இருந்து சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு, நான்ஜிங்கில் தோட்ட வீடு ஒன்றை வாங்கி, எழுதியும் சாப்பிட்டும் வாழ்ந்தவர். சாப்பாட்டு விஷயத்தில் ரொம்பக் கறாரான ஆள். 1792-இல் அவர் வெளியிட்ட சமையல் நூல் சீனச் சமையல் வரலாற்றில் இன்றைக்கும் முக்கியமான நூல்.

ஹாங்சோ என்றால் லாங்ஜிங். சீனாவின் மிகப் பிரபலமான கிரீன் டீ அந்த ஊருடையது. நம்மில் கும்பகோணத்துக்காரர் ஒருவருக்கு டிகிரி காபி எப்படியோ, யுவான் மெய்க்கு லாங்ஜிங் அப்படி. வூயி மலை டீயை அவருக்கு சுத்தமாகப் பிடிக்காது. கஷாயம் மாதிரி இருக்கு, ஒரே கசப்பு, இதுதான் அவருடைய பழைய அபிப்பிராயம். அதை மறைக்காமல் அவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

மலையில் இருந்த கோவில்களிலும் மடங்களிலும் துறவிகள் போட்டி போட்டு அவருக்கு டீ கொடுத்தார்கள். கோப்பை வால்நட் அளவு. டீ பாத்திரம் ஒரு நாரத்தங்காய் அளவு. ஒரு தடவை ஊற்றினால் இரண்டு மடக்குகூட வராது. அவ்வளவு சின்னக் கோப்பையை மடக் மடக்கென்று குடிக்க முடியாது இல்லையா? முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வாய். விழுங்காமல் வாயிலேயே வைத்து, மெல்லுவது மாதிரி மெதுவாக. வாசனை மூக்கில் ஏறியது, நாக்கில் ஓர் இனிப்பு தங்கியது. இன்னொரு கோப்பை, இன்னொன்று. ஒரே இலையில் மூன்று தடவை வெந்நீர் ஊற்றியும் ருசி தீரவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன தீர்ப்பு: லாங்ஜிங் தெளிவானதுதான், ஆனால் ருசி மெலிவு. இரண்டையும் பச்சை மணிக்கல்லுக்கும் ஸ்படிகத்துக்கும் இருக்கிற வித்தியாசமாகப் பார்த்தார். எது உசத்தி என்பதைவிட இரண்டும் வேற ஜாதி என்று புரிந்துகொண்டார்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது அவர் மனசு மாறியது மட்டுமில்லை. எதனால் மாறியது என்பதுதான். டீ அதே வூயி டீதான். பாத்திரம் சின்னதாச்சு, கோப்பை சின்னதாச்சு, முகர்ந்து பார்ப்பது முதலில் வந்தது. டெஸ்டிங் பண்றவங்களுக்கு இது உடனே புரியும்: இன்புட் அதேதான், சூழலை மாற்றினால் ரிசல்ட் மாறுது.

சரி, வூயி மலையில் அப்படி என்ன செய்தார்கள்? இதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

எட்டாம் நூற்றாண்டில் லூ யூ டீயைப் பற்றிய முதல் பெரிய நூலை எழுதியபோது, டீ என்பது அழுத்திக் காய வைத்த கட்டி. அதை வாட்டி, பொடித்து, உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். சோங் வம்சக் காலத்தில், ஏறக்குறைய நம்ம சோழர் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பொடியைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றி மூங்கில் துடைப்பம் மாதிரி ஒன்றால் நுரை வர அடித்தார்கள். இதற்குப் போட்டியே நடந்தது. யாருடைய நுரை வெள்ளையாக இருக்கு, யாருடையது அதிக நேரம் நிற்குது என்பதுதான் மார்க். வெள்ளை நுரை எடுப்பாகத் தெரியணும் என்பதற்காகவே ஃபூஜியனில் கறுப்புக் கிண்ணம் செய்தார்கள். ஹுய்சோங் என்கிற சக்கரவர்த்தி 1107-இல் டீயைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் ராஜ்ஜியம் அதற்கப்புறம் இருபது வருஷத்தில் கைவிட்டுப் போனது தனிக்கதை. கவனியுங்க, நூலில் ருசி, வாசனை எல்லாம் வருது. ஆனால் போட்டியில் ஜெயித்தது கண்.

1391-இல் மிங் வம்சத்தின் முதல் சக்கரவர்த்தி ஹோங்வூ, இனிமேல் அரண்மனைக்குக் கட்டி டீ வேண்டாம், உதிரி இலையாக அனுப்புங்கள் என்று உத்தரவு போட்டார். ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஆள், கட்டி செய்வதில் மக்கள் படுகிற பாடு அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். டீ ருசி வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது என்பேன். பொடியை அடித்துக் குடிக்கும்போது இலையே வயிற்றுக்குள் போயிடும். உதிரி இலை வந்ததும், ஊற வைத்து, நீரை மட்டும் குடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு மூடியும் மூக்கும் உள்ள பாத்திரம் தேவைப்பட்டது. யிஷிங் ஊரின் களிமண் பாத்திரங்கள் பேர் வாங்கியது இதற்குப் பின்னால்தான்.

இப்போ கொஞ்சம் வேதியியல், பயப்படாதீங்க. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகுமே, அதேதான் இங்கேயும். தேயிலையைக் கசக்கினால் அதிலுள்ள ஒரு என்சைம் காற்றோடு சேர்ந்து இலையைப் பழுப்பாக்கும். பறித்த இலையைச் சீக்கிரமே சூடாக்கினால் அந்த என்சைம் செத்துவிடும், இலை பச்சையாகவே நிற்கும். அதுதான் கிரீன் டீ. சீனாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுப்பார்கள், அதனால் லாங்ஜிங்கில் வறுத்த கொட்டை வாசனை வரும். ஜப்பானில் ஆவியில் வேக வைப்பார்கள், அதனால் அவர்களுடைய டீயில் கீரை வாசனையும் லேசான கடல் வாசனையும் இருக்கும்.

ஊலாங் செய்கிறவர்கள் நேரெதிராக, அந்த என்சைமைக் கொஞ்ச நேரம் வேலை செய்ய விடுவார்கள். இலையை வெயிலில் வாட வைத்து, மூங்கில் தட்டில் போட்டுக் குலுக்கி, விட்டு, மறுபடி குலுக்கி, ராத்திரி முழுக்க இதே வேலை. குலுக்கும்போது இலையின் ஓரங்கள் மட்டும் அடிபட்டுச் சிவக்கும், நடுப்பகுதி பச்சையாக இருக்கும். பச்சை வாசனை போய்ப் பூ வாசனை வருகிற நேரம் பார்த்து சட்டியில் போட்டு நிறுத்தணும். அப்புறம் கரி நெருப்பின் மேல் மெதுவாக உலர்த்தணும். எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்வது மூக்குதான். வூயி மலை இருந்த வட்டாரத்துக்கு அதிகாரியாக இருந்த லூ டிங்சான் 1734-இல் தொகுத்த நூலில், பாதி பச்சை பாதி சிவப்பாக இருக்கிற இந்த டீயின் செய்முறை வந்துவிட்டது. யுவான் மெய் மலையேறுவதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே.

இதே மலையின் பெயர்தான் உள்ளூர் உச்சரிப்பு வழியாக 'போஹி' ஆகி ஐரோப்பாவுக்குப் போனது. 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டினார்களே, அந்த 340 பெட்டிகளில் 240 போஹி. 75 பெட்டி கிரீன் டீ. பள்ளிக்கூடப் புத்தகத்தில் யாரும் இதைச் சொல்லித் தரலை!

வாங்கிய ஐரோப்பியர்களுக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. கறுப்பு டீயும் பச்சை டீயும் ஒரே செடியா, வேற வேற செடியா? தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸே 1753-இல் ஒரே செடி என்று எழுதினார், 1762-இல் இரண்டாகப் பிரித்துவிட்டார்: ஆறு இதழ் பூ இருந்தால் போஹி, ஒன்பது இருந்தால் பச்சை. இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் ராபர்ட் ஃபார்ச்சூன் என்கிற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர். 1843-இல் முதல் தடவை சீனா போனவர், பச்சை டீச் செடி என்று சொல்லப்பட்ட அதே செடியிலிருந்து ஃபூஜியனில் கறுப்பு டீ செய்வதைக் கண்ணால் பார்த்து 1847-இல் எழுதினார். வித்தியாசம் செடியில் இல்லை, பட்டறையில்.

இரண்டாவது பயணத்தில், 1848-க்குப் பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக டீச் செடி எடுக்க மாறுவேஷத்தில் போனார். நேராகச் சொன்னால் திருட்டு. அப்போது ஒரு பட்டறையில் தொழிலாளர்களின் கைகள் நீலமாக இருப்பதைப் பார்த்தார். ஏற்றுமதிக்குப் போகிற கிரீன் டீக்கு ப்ரஷியன் ப்ளூ என்கிற பெயின்ட்டும் ஜிப்சமும் கலந்து சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன்? வெளிநாட்டுக்காரர்களுக்கு டீ ஒரே மாதிரி பளபளப்பாக இருந்தால்தான் பிடிக்குதாம். சீனர்கள் இதைக் குடிப்பதில்லை. நூறு பவுண்டு சாய டீ குடித்தால் அரை பவுண்டுக்கு மேல் சாயமும் ஜிப்சமும் உள்ளே போகும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தச் சாயச் சரக்கின் மாதிரி 1851 லண்டன் கண்காட்சிக்கும் போனது. ப்ரஷியன் ப்ளூ உடனே ஆளைக் கொல்லும் விஷமில்லை, இன்றைக்கு தாலியம் விஷத்துக்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள், அதனால் நான் பயமுறுத்த விரும்பலை. ஆனால் கண்ணை மட்டும் நம்பி வாங்கினவர்கள், கண்ணுக்கான பொருளையே காசு கொடுத்துக் குடித்தார்கள். கடைக்காரனைத் திட்டுகிறோம், அவனுக்கு அந்த ஆர்டரைக் கொடுத்தது யார்?

இதற்கு அப்படியே எதிர்ப்பக்கம் தைவானில் நடந்தது. ஜான் டாட் என்கிற பிரிட்டிஷ் வியாபாரி, லீ சுன்ஷெங் என்கிற கூட்டாளியுடன் சேர்ந்து, ஃபூஜியனின் ஆன்ஷி பகுதியிலிருந்து நாற்றுகளை வாங்கித் தைவான் விவசாயிகளிடம் கொடுத்து வளர்க்க வைத்தார். 1869-இல் இரண்டு கப்பல்களில் 'ஃபார்மோசா ஊலாங்' நேராக நியூயார்க் போனது. அது பிடித்துக்கொண்டது.

அந்தத் தீவின் மலையடிவாரங்களில் கோடைக்காலத்தில் ஒரு தத்துப்பூச்சி வரும். அரிசி அளவுகூட இல்லாத பச்சைப் பூச்சி, இளம் தளிரின் சாற்றை உறிஞ்சும். தளிர் மஞ்சளாகச் சுருங்கிப் போகும். பார்த்தால் யாரும் வாங்க மாட்டாங்க. அந்தச் சீக்கு இலையைத் தூக்கிப் போட மனசில்லாத ஒரு விவசாயி, ஊலாங்காகச் செய்து கொண்டுபோய் விற்றாராம், நல்ல இலையைவிட அதிக விலை கிடைத்ததாம். ஊரில் வந்து சொன்னபோது யாரும் நம்பலை, 'சவடால் டீ' என்று கேலி செய்தார்கள். அந்த டீக்கு இன்றைக்கும் உள்ளூரில் அந்தப் பெயர்தான். வெளியே 'ஓரியன்டல் பியூட்டி'. இங்கிலாந்து மகாராணி குடித்துவிட்டு வைத்த பெயர் என்பார்கள், எந்த மகாராணி என்று கேட்டால் ஒருத்தர் விக்டோரியா என்கிறார், இன்னொருத்தர் எலிசபெத் என்கிறார். நான் நம்பலை.

விவசாயி கதையும் ஊர்க்கதைதான், ஆனால் அதன் ருசிப் பகுதி உண்மை. பூச்சி கடித்ததும் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சில வாசனைப் பொருட்களை உண்டாக்குகிறது. கோப்பையில் தேனும் பழுத்த திராட்சையும் மணப்பது அதனால்தான். பூச்சி வரணும் என்றால் பூச்சிமருந்து அடிக்க முடியாது, விளைச்சலும் குறையும். அதனால்தான் அந்த விலை.

நீலகிரியை வைத்துக்கொண்டு நமக்கு ஏன் இந்தப் பழக்கம் வரலைன்னு சிலர் கேட்பீங்க. 1930-களில் அஸ்ஸாமில் வந்த சிடிசி இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, உருட்டிக் குருணையாக்கியது. சீக்கிரம் சாறு இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், விலையும் மலிவு. நீலகிரியில் சிறு விவசாயிகள் கொடுக்கிற இலை பெரும்பாலும் இப்படித்தான் போகுது. நம்ம பால் டீக்கு அது சரியான பொருள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குன்னூர் பக்கம் கொஞ்சம் கிரீன் டீயும் ஊலாங்கும் செய்கிறார்கள், அதுவும் வாங்கிப் பார்க்கலாம்.

எப்படிக் குடிப்பது? என்னிடம் இருப்பது ஒரு கிச்சன் தராசு, ஒரு தெர்மாமீட்டர், மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். கிரீன் டீக்கு 3 கிராம், 150 மில்லி, தண்ணீர் 75 டிகிரி. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் ஒரேயடியாக இறங்கிடும், ஆபீஸ் பேன்ட்ரியில் டீ பேகைக் கொதிநீரில் பத்து நிமிஷம் ஊற விட்டுவிட்டு முகம் சுளிக்கிறவர்கள் குடிப்பது அதைத்தான். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கொதித்த தண்ணீரை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றுங்க, நமக்குத் தெரியாத வித்தையா? ஊலாங்குக்கு வேற மாதிரி: 5 கிராம், 100 மில்லி, கொதி அடங்கின உடனே ஊற்றி அரை நிமிஷத்தில் வடிகட்டணும். அதே இலையில் நாலைந்து தடவை.

ஊற்றி எடுத்ததும் குடிக்காமல், மூடியின் உட்பக்கத்தை முகர்ந்து பாருங்க. பிறகு ஒரு வாய், சூடான ரசம் உறிஞ்சுவது மாதிரி காற்றோடு சேர்த்து. தொழில்முறை டேஸ்டர்களும் சத்தமாகத்தான் உறிஞ்சுவார்கள், வெட்கப்பட வேண்டாம். விழுங்கின பிறகு மூக்கு வழியாக மூச்சு விடுங்க, பாதி ருசி அங்கேதான் இருக்கு. சீனர்கள் தேடுகிற அந்த 'திரும்பி வரும் இனிப்பு' என்னவென்று வார்த்தையில் விளக்க மற்ற நாட்டு எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாகத் திண்டாடுகிறார்கள். நமக்கு ஒரே வரி: நெல்லிக்காய் தின்னுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி.

முதல் தடவை ஊற்றியதையும் மூன்றாவது தடவை ஊற்றியதையும் தனித்தனி டம்ளரில் எடுத்து வைத்து மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்க. எது பிடித்தது என்று கமென்ட்டில் எழுதுங்க, மூன்றாவது ஜெயிக்கும் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.