தடையும் கலைவடிவமும்: செங்கொடிக் கலைக்குழுவின் மரபு

அரசின் தடை மக்கள் கலையை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்குப் பம்பாயின் ‘லால் பாவ்டா கலாபதக்’ எனும் செங்கொடிக் கலைக்குழு தக்க சான்றாகும். அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக், த.நா. கவாண்கர் ஆகிய மூவரும் 1944இல் இதனைத் தோற்றுவித்தனர். தாராவியை அடுத்த மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழ்ந்தபோது, அங்கிருந்த கொசுத்தொல்லையைப் பற்றி அண்ணாபாவ் பாட்டுக் கட்டினார். பள்ளிக்கல்வி வாய்க்காத அவர் உழைப்பாளர் துயரைப் பவாடா, லாவணி, தமாஷா ஆகிய நாட்டார் வடிவங்களில் பாடினார்.

விடுதலைக்குப் பின் பம்பாய் அரசு தமாஷாவைத் தடைசெய்தது. அண்ணாபாவ் அதன் தொடக்கத்திலுள்ள கணபதி வணக்கத்தை விடுத்துத் தாய்மண்ணை வணங்கும் பாடலை அமைத்தார். ‘லோகநாட்டியம்’ எனப் பெயரும் மாற்றினார். தடைசெய்யப்பட்ட கலை புதுப்பெயரில் மேடையேறியது. ஐக்கிய மகாராட்டிரப் போராட்டத்திலும் இக்கலைஞர்களின் குரல் ஒலித்தது. 1961இல் அவரது ‘ஃபகீரா’ புதினம் மாநில அரசின் பரிசைப் பெற்றது. எனினும் 1969இல் அவர் வறுமையிலேயே மறைந்தார்.

குஜராத் கலவரத்தை அடுத்து 2002இல் புனேயில் தோன்றிய கபீர் கலா மஞ்ச் இம்மரபின் தொடர்ச்சி எனலாம். 2011இல் அதன் கலைஞர்கள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். முன்னைய தடை வடிவத்தின்மீது விழுந்தது. எனவே வடிவத்தை மாற்றிக் கலை பிழைத்தது. பின்னைய சட்டம் பாடுவோர்மீதே பாய்ந்தது. அவர்க்குப் பெயர்மாற்றம் புகலிடமாகவில்லை.