இரவல் சட்டை போட்ட வைரஸ்

1970களின் நடுப்பகுதி. இத்தாலியின் டூரின் நகரில் மரியோ ரிஸெட்டோ என்ற மருத்துவர், ஹெபடைடிஸ் பி நோயாளிகளின் கல்லீரலிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்குகளை மெல்லிசாகச் சீவி, ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளை அவற்றின்மேல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கல்லீரல் ஆராய்ச்சியில் பி வைரஸுக்குத்தான் மவுசு. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் பருச் பிளம்பெர்க் கண்ட ஆன்டிஜென், அந்த வைரஸின் மேலுறை என்று தெரிந்துவிட்டிருந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வெளியே உறை, உள்ளே மையத் துகள்கள். அந்த மையத் துகள்கள் கல்லீரல் செல்லின் உட்கருவில் இருந்தால், சாயம் பட்டதும் உட்கரு ஒளிரும்.

சில துணுக்குகளில் கணக்கு உதைத்தது. உட்கரு பளிச்சென்று ஒளிர்ந்தது. அதே திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தாலோ, பி வைரஸின் மையத் துகள்களை மருந்துக்கும் காணோம். சாயத்தின் கோளாறு என்று எழுதிவிட்டு அடுத்த துணுக்கை எடுத்திருக்கலாம். ஆய்வகங்களில் அப்படிக் குப்பைக்குப் போன உண்மைகள் எத்தனையோ. ரிஸெட்டோ விடவில்லை. ஒளிர்வது வேறொரு ஆன்டிஜென் என்று சோதித்து நிறுவி, அதற்கு டெல்டா என்று பெயரிட்டு, 1977இல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். பி வைரஸ் இருப்பவர்களிடம் மட்டுமே அது காணப்பட்டது. ஆகவே அதுவும் பி வைரஸின் இன்னொரு உறுப்புதான் என்று முதலில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரும்தான்.

அந்த எண்ணத்தை உடைத்தவை சிம்பன்ஸிகள். ரிஸெட்டோ அமெரிக்காவுக்குப் போய், ராபர்ட் பர்ஸெல், ஜான் ஜெரின் ஆகியோருடன் சேர்ந்து, டெல்டா உள்ள நோயாளியின் ரத்தநீரை அவற்றுக்குச் செலுத்தினார். விலங்குகளை இப்படிப் பயன்படுத்தியதை இன்று படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆனால் விடை அங்கேதான் கிடைத்தது. பி வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த சிம்பன்ஸிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டையுமே அறியாத சிம்பன்ஸிக்கு முதலில் பி, கூடவே கொஞ்ச காலம் டெல்டா. பி வைரஸை நெடுநாளாகச் சுமந்துகொண்டிருந்த சிம்பன்ஸிக்குள் போனபோதோ டெல்டா மளமளவெனப் பெருகியது. பி வைரஸின் அளவு அடங்கிப்போனது. ஒரு வைரஸின் உறுப்பு அந்த வைரஸையே அமுக்குமா? ரத்தத்தில் 36 நானோமீட்டர் அகலத் துகள்கள் சிக்கின. மேலே பி வைரஸின் உறை. உள்ளே பி வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. டெல்டா தனி வைரஸ். சொந்தமாகச் சட்டை தைக்கத் தெரியாததால், பி வைரஸின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறது.

1986இல் அதன் மரபுச் சரம் முழுவதும் படிக்கப்பட்டது. சுமார் 1,700 எழுத்துகள், வட்டமாக. மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் இவ்வளவு சிறியது வேறில்லை. செடிகளில் நோய் உண்டாக்கும் வைராய்டுகளைத்தான் அதன் அமைப்பு ஒத்திருந்தது. தன்னைப் படியெடுக்கும் நொதிகூட அதனிடம் கிடையாது. நம் செல்லின் நொதியையே வேலை வாங்குகிறது.

இப்படி எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் ஒன்று, கல்லீரலை ஏன் இப்படிப் பாழாக்குகிறது? எந்த வரிசையில் தொற்றுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. இரண்டு வைரஸ்களும் ஒரே நேரத்தில் புகுந்தால், காமாலை கடுமையாக வரலாம். ஆனால் பெரியவர்களில் பெரும்பாலோரின் உடல் பி வைரஸை விரட்டிவிடும், சட்டை இல்லாத டெல்டாவும் அதோடு ஒழியும். பி ஏற்கெனவே குடியிருக்கும் கல்லீரலில் டெல்டா வந்து சேர்ந்தால் கதை வேறு. சட்டைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. அத்தகையவர்களில் பெரும்பாலோருக்கு அது நாள்பட்ட நோயாக நின்றுவிடுகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் பல ஆண்டுகள் முந்தி வருகிறது.

இதன் கொடூரம் வெனிசுவேலாவில் வெளிப்பட்டது. 1979 முதல் 1981 வரை, யுக்பா பழங்குடியினரிடையே ஒரு கடும் காமாலை பரவியது. 149 பேருக்கு நோய், 34 பேர் சாவு. பலரும் இளவயதினர். பி வைரஸைச் சுமந்திருந்தவர்கள் மேல் டெல்டா வந்து விழுந்திருந்தது.

டெல்டாவுக்கென்று தடுப்பூசி கிடையாது, பி தொற்றாதவருக்கு அது தேவையும் இல்லை. பி தடுப்பூசி போட்டவருக்குள் இரவல் சட்டைக்கே வழியில்லை. இத்தாலி 1991இல் பி தடுப்பூசியைக் குழந்தைகளுக்கும் பன்னிரண்டு வயதினருக்கும் கட்டாயமாக்கியது. பி தொற்றுள்ள நோயாளிகளில் டெல்டா இருந்தவர்கள் 1987இல் 23 விழுக்காடு. 1997இல் சுமார் 8. ஊசி மட்டுமே இதற்குக் காரணமில்லை. ஒரே சிரிஞ்சைப் பலருக்குக் குத்தும் பழக்கம் ஒழிந்ததும், வீடுகளில் நெருக்கடி குறைந்ததும் சேர்த்தி.

ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு நெடுங்காலம் இன்டர்ஃபெரான் ஊசிதான். பலருக்கு அது பலிக்கவில்லை. 2012இல் பெய்ஜிங் ஆய்வாளர்கள், இந்த இரண்டு வைரஸ்களும் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலைக் கண்டுபிடித்தார்கள். பித்த உப்பைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஒரு புரதம் அது. அந்த வாசலை அடைக்கும் புலெவிர்டைட் மருந்துக்கு ஐரோப்பா 2020இல் நிபந்தனையுடன் ஒப்புதல் கொடுத்தது. 2025இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டெல்டாவை, அதாவது ஹெபடைடிஸ் டி வைரஸை, புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

நாள்பட்ட பி உள்ளவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு டெல்டாவும் இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பி இருப்பதாகத் தெரிந்த எல்லோருக்கும் டெல்டா ஆன்டிபாடியை ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவர் சங்கம் 2023இல் வழிகாட்டியது. ரிஸெட்டோவின் கட்டுரை வெளிவந்து அப்போது 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.